பத்தாண்டுக் கணக்கும் நூறாண்டுக் கணக்கும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியின் பயனைப் பற்றி எனக்கு முன் பேசிய அறிஞர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறுபட்டது. வானிலைக் குறிப்புகள் எத்தனை ஆண்டுக் காலத்தவை என்பதைப் பொறுத்து அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதே அது. மழைக்கும் வெயிலுக்கும் நம் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். என் ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் அத்தொடர்பு தானே விளங்கும்.

நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது எங்கள் சேரி மக்களுக்கு வீட்டுமனை வழங்க ஏற்பாடு நடந்தது. ஏரிக் கலங்கலுக்குக் கீழே கிடந்த புறம்போக்கு நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அது கோடைக்காலம். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அளக்க வந்த அதிகாரி தம் கையிலிருந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்து, பத்து ஆண்டுகளாக இவ்விடத்தில் தண்ணீர் நின்றதாகக் கணக்கில் இல்லை என்றார். அருகில் நின்ற என் பாட்டி, “சாமி, நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் இங்கே இடுப்பளவுத் தண்ணி ஓடிச்சு. எனக்கு மூணாவது பிள்ளை பொறந்தப்பவும் ஓடிச்சு” என்றார். கிழவி பேச்சைக் கணக்கில் எழுத முடியுமா என்று கேட்டு அவர் சிரித்தார். உடன் வந்தவர்களும் சிரித்தார்கள்.

மனை கிடைத்தது. வீடும் எழுந்தது. ஏழாம் ஆண்டு ஐப்பசியில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. ஓர் இரவில் எங்கள் தெருவின் மண்சுவர்கள் எல்லாம் கரைந்து போயின. உயிர்ச்சேதம் இல்லை என்பதே ஆறுதல். ஆனால் என் பள்ளிச் சான்றிதழும், என் தந்தையார் அரும்பாடுபட்டு வாங்கி வைத்திருந்த சாதிச் சான்றிதழும் சேற்றோடு சென்றன. அவற்றைத் திரும்பப் பெற நான் இரண்டு ஆண்டுகள் அலைந்தேன்.

அந்த அதிகாரி பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் ஏட்டில் இருந்தது உண்மையே. பத்து ஆண்டுகளாக அங்கே தண்ணீர் நிற்கவில்லை. உண்மையான கணக்கும் குறுகிய காலத்துக் கணக்காக இருந்தால் மனிதனை ஏமாற்றிவிடும். இன்று நான் சொல்ல வந்த செய்தியின் சாரம் இவ்வளவே.

வானிலையும் காலநிலையும்

இன்று மழை பெய்கிறது, நேற்று வெயில் அடித்தது என்பது வானிலை. ஓர் ஊரில் நீண்ட காலமாக மழையும் வெயிலும் காற்றும் எவ்வாறு இருந்து வருகின்றன, அவை எந்த எல்லைக்குள் ஏறி இறங்குகின்றன என்பது காலநிலை. வானிலையை ஒரு நாளில் காணலாம். காலநிலையை எவராலும் ஒரு நாளில் காண முடியாது. கணக்கிட்டே அறிய வேண்டும்.

நமக்குத் தெரிந்த ஓர் உவமை சொல்கிறேன். கூலி வேலை செய்யும் ஒரு தாயின் ஆண்டு வருமானத்தை அறிய ஒருவர் வருகிறார் என்று கொள்ளுங்கள். அவர் நடவு நடக்கும் மாதத்தில் வந்து, அந்த ஒரு மாதக் கூலியைப் பன்னிரண்டால் பெருக்கி, இக்குடும்பத்துக்கு உதவி தேவையில்லை என்று எழுதிவிட்டுப் போனால் அது நியாயமாகுமா? பங்குனியிலும் சித்திரையிலும் அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாள்கள் அவர் கணக்கில் வரவில்லையே! நடவு மாதத்துக் கூலி பொய்யன்று. அதைக் கொண்டு ஆண்டு முழுவதையும் அளந்ததே பிழை. சில ஆண்டு மழையைக் கொண்டு ஓர் ஊரின் காலநிலையைச் சொல்வதும் அதே பிழைதான்.

முப்பது ஆண்டு என்னும் அளவு

எனில், எத்தனை ஆண்டுக் கணக்கு இருந்தால் போதும்? இக்கேள்வியை உலக வானிலை அறிஞர்களும் எழுப்பினார்கள். 1935 ஆம் ஆண்டு வார்சா நகரில் கூடிய மாநாட்டில், 1901 முதல் 1930 வரையிலான முப்பது ஆண்டுகளின் சராசரியை இயல்பு அளவாகக் கொள்வதென்று முடிவு செய்தார்கள். அன்று முதல் முப்பது ஆண்டு என்பது உலக வழக்காயிற்று. இன்று நடைமுறையில் உள்ளது 1991 முதல் 2020 வரையிலான இயல்பு அளவு. நம் சங்கத்துக்கு இருபத்தைந்து ஆண்டு நிறைந்துவிட்டதென்று விழா எடுக்கிறோம். வானிலைக் கணக்கர்களிடம் கேட்டால், இன்னும் ஐந்து ஆண்டு பொறுங்கள், பிறகு உங்கள் சங்கத்தின் இயல்பைச் சொல்கிறோம் என்பார்கள்!

முப்பது என்பது தெய்வ வாக்கன்று. நடைமுறைக்கு ஏற்ற ஓர் உடன்பாடு. இந்திய வானிலைத் துறை தென்மேற்குப் பருவமழைக்கு ஐம்பது ஆண்டுச் சராசரியைக் கைக்கொள்கிறது. அந்தச் சராசரி, 1951 முதல் 2000 வரையிலான கணக்கின்படி 89 சென்டிமீட்டர். 1961 முதல் 2010 வரை எடுத்தால் 88. 2022 இல் அறிவித்தபடி, 1971 முதல் 2020 வரை எடுத்தால் 87. ஐம்பது ஆண்டுகள் எடுத்த போதிலும், எந்த ஐம்பது என்பதைப் பொறுத்து இயல்பு மாறுகிறது. ஒரு சென்டிமீட்டர்தானே என்று அலட்சியமாக எண்ண வேண்டா. நாட்டின் பரப்பு முழுவதும் ஒரு சென்டிமீட்டர் நீர் நின்றால், மேட்டூர் அணையைப் பன்னிரண்டு முறைக்கு மேல் நிரப்பலாம். நம் நாட்டு மழை சில பத்தாண்டுகள் மிகுந்தும் சில பத்தாண்டுகள் குறைந்தும் வரும் போக்குடையது. குறைந்த காலத்தை மட்டும் பார்த்தவன் வறண்ட நாடு என்பான். மிகுந்த காலத்தை மட்டும் பார்த்தவன் செழித்த நாடு என்பான்.

ஒரு சிறு கணக்கு

மாணவர்கள் எழுதுகோலைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஊரின் உண்மையான சராசரி மழை ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டர் என்றும், ஆண்டுக்கு ஆண்டு அது பொதுவாக 250 மில்லிமீட்டர் அளவில் கூடியும் குறைந்தும் விலகுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுக் குறிப்பு மட்டும் இருந்தால் நாம் காணும் சராசரியில் ஏறத்தாழ 79 மில்லிமீட்டர் பிழை எதிர்பார்க்கலாம். முப்பது ஆண்டு இருந்தால் 46. நூறு ஆண்டு இருந்தால் 25. விலக்கத்தை ஆண்டுகளின் வர்க்கமூலத்தால் வகுத்தால் இவ்விடை வரும். பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் கணக்கின் நீளத்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது இதன் பொருள். ஓராண்டு மழையும் அடுத்த ஆண்டு மழையும் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டே இக்கணக்குப் போட்டோம். அவை சார்ந்து வருமானால் இதைவிட நீண்ட கணக்குத் தேவைப்படும்.

சராசரியாவது பரவாயில்லை. அரிதாக வரும் பெருமழையை அறிவதோ மிகக் கடினம். நூறாண்டு வெள்ளம் என்று பொறியாளர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நூறு ஆண்டுக்கு ஒரு முறை நாள் குறித்து வரும் வெள்ளம் என்பது அதன் பொருளன்று. எந்த ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். அத்தகைய வெள்ளம் பத்து ஆண்டு ஏட்டில் காணப்படாமற் போகும் வாய்ப்பு 90 விழுக்காடு. முப்பது ஆண்டு ஏட்டிலும் அது காணப்படாமற் போக 74 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆகவே, முப்பது ஆண்டாக வரவில்லை என்பது இனியும் வராது என்பதற்குச் சான்றாகாது. அதே வேளையில், முப்பது ஆண்டு குடியிருக்கப் போகும் ஒரு வீட்டை அந்த வெள்ளம் ஒரு முறையேனும் தொட்டுவிட 26 விழுக்காடு, அதாவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல், வாய்ப்பு உண்டு.

இப்போது என் பாட்டியிடம் திரும்புவோம். எங்கள் கலங்கல் ஆண்டுக்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு வாய்ப்போடு அவ்வாறு வழியும் என்று கொள்வோம். பத்து ஆண்டு ஏட்டில் அது இல்லாதிருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. அறுபது ஆண்டு நினைவில் ஒரு முறையேனும் அது இருந்திருக்கும் வாய்ப்போ 91 விழுக்காடு. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டியின் நினைவு, முத்திரையிட்ட ஏட்டைவிட நீண்ட கணக்கு. அன்று சிரித்தவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அதனால்தான் நான் வாய் மூடி நின்றேன்.

சென்னையின் பழைய ஏடு

நீண்ட கணக்கு எவ்வளவு பெரிய செல்வம் என்பதற்கு நம் சென்னையே சான்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792 இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் ஒன்றைக் கட்டினார்கள். அங்கே 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. இந்திய வானிலைத் துறை தோன்றியது 1875 இல்தான். துறை தோன்றுவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் ஏடு தொடங்கிவிட்டது. துறை தோன்றிய மறு ஆண்டே தாது வருடப் பஞ்சம் தென்னாட்டைச் சூழ்ந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலமற்ற நம் முன்னோர் அதில் முதலில் வீழ்ந்தனர். மழையைக் கணக்கிட்டு எழுதுதல் ஒரு நாட்டுக்கு உயிர்ப் பிரச்சினை என்பதை அப்பஞ்சம் உணர்த்திற்று. தானியம் இருந்தும் அது ஏழைக்குச் சென்று சேரவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. கணக்கு மட்டும் எவர் வயிற்றையும் நிரப்பாது.

2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1049 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. டிசம்பர் முதல் நாளும் பெருமழை தொடர, அடையாறு கரை புரண்டது. அக்காலை, வரலாறு காணாத மழை என்றே பலரும் சொன்னார்கள். ஆனால் பழைய ஏட்டைப் புரட்டினால் 1918 நவம்பரில் 1088 மில்லிமீட்டர் பெய்திருப்பது தெரியும். ஏடு 1919 இல் தொடங்கியிருந்தால், 2014 வரை தொண்ணூற்றாறு ஆண்டுகள் அத்தகைய நவம்பர் ஒன்றேனும் அதில் இராது. ஓராண்டு முந்தித் தொடங்கிய ஏடு, இந்நகரம் இத்தகைய மழையை முன்பே கண்டது என்று சொல்கிறது. 1918 இல் வெள்ளம் சென்று தங்குவதற்கு ஏரிகளும் சதுப்பு நிலங்களும் இருந்தன. 2015 இல் அவற்றில் பல வீடுகளாகவும் சாலைகளாகவும் மாறியிருந்தன. ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலானவை நம்மவர் குடும்பங்களே. அவற்றுள் பலவற்றைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த இடம். எங்கள் ஊர்க் கலங்கலின் கதை பெருநகரத்தில் பெரிய அளவில் நடந்தது, அவ்வளவே.

கொலராடோ ஆற்றின் பாடம்

குறுகிய கணக்கால் ஒரு நாடே வழி தவறியதுண்டு. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஓடும் கொலராடோ ஆற்று நீரைப் பங்கிட, 1922 நவம்பர் 24 ஆம் நாள், சாந்தா ஃபே நகரில் ஏழு மாநிலங்களின் பேராளர்கள் கையொப்பமிட்டார்கள். ஆற்றில் ஆண்டுக்கு 1 கோடியே 60 இலட்சம் ஏக்கர் அடிக்கும் மேல் நீர் வரும் என்று நம்பி, மேற்படுகைக்கு 75 இலட்சம், கீழ்ப்படுகைக்கு 75 இலட்சம் எனப் பிரித்தார்கள். பிறகு 1944 உடன்படிக்கையின்படி மெக்சிகோவுக்கு 15 இலட்சம் அளித்தார்கள். அந்நம்பிக்கைக்கு அடிப்படையாக அமைந்தவை ஏறத்தாழ இருபது ஆண்டுக் குறிப்புகளே. அந்த இருபது ஆண்டுகளோ வழக்கத்துக்கு மாறாக நீர் மிகுந்து ஓடிய ஆண்டுகள்!

மரத்தை வெட்டினால் உள்ளே வளையங்கள் தெரியும் என்பது நீங்கள் அறிந்ததே. ஆண்டுக்கு ஒரு வளையம். வறண்ட பகுதிகளில், மழை மிகுந்த ஆண்டில் வளையம் அகலமாகவும் குறைந்த ஆண்டில் ஒடுங்கியும் அமையும். பழைய மரங்களின் வளையங்களை ஆராய்ந்து, 1976 இல் ஸ்டாக்டன், ஜாக்கொபி என்னும் இரு அறிஞர்கள் அவ்வாற்றின் நீண்டகாலச் சராசரி 1 கோடியே 35 இலட்சம் ஏக்கர் அடி அளவில்தான் இருக்கும் என்று கணித்தார்கள். இல்லாத நீரைக் காகிதத்தில் பங்கிட்டுவிட்டார்கள் என்பது தெளிவாயிற்று. 2000 ஆம் ஆண்டுக்குப் பின் வறட்சியும் வெப்பமும் சேர்ந்து ஆற்றை மேலும் சுருக்கின. 2021 ஆகஸ்டில் அந்நாட்டு அரசு அவ்வாற்றுக்கு வரலாற்றில் முதன்முறையாக நீர்ப்பற்றாக்குறையை அறிவித்தது.

இவ்வரலாற்றில் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, அன்றைக்கே எச்சரித்த ஒருவர் இருந்தார். ஈ. சி. லாரூ என்னும் நீரியல் அறிஞர், அதற்கு முந்தைய காலத்தில் ஆறு வறண்டிருந்ததற்கான அறிகுறிகளை எடுத்துக் காட்டினார். பங்கிட அவசரப்பட்டவர்களுக்கு நல்ல ஆண்டுகளின் கணக்கே இனித்தது. இரண்டாவது, தொல்காலம் முதல் அவ்வாற்றங்கரைகளில் வாழ்ந்து வந்த செவ்விந்தியப் பழங்குடியினரை அந்தக் கூட்டத்துக்கு எவரும் அழைக்கவில்லை. இன்று அப்படுகையில் முப்பது பழங்குடி இனங்கள் உள்ளன. அவர்களைப் பற்றி உடன்பாட்டில் எழுதப்பட்டது ஒரே ஒரு வாக்கியம். பழங்குடியினர்பால் அமெரிக்க அரசுக்குள்ள கடமைகளை இவ்வுடன்பாடு பாதிக்காது என்று சொல்லி முடித்துவிட்டார்கள். எவ்வளவு நீர் என்று எழுதவில்லை. காலத்தின் கணக்கைக் குறுக்கியவர்கள் மக்களின் கணக்கையும் குறுக்கினார்கள். ஏட்டில் இல்லாத ஆண்டுகளுக்கும் ஏட்டில் இல்லாத மக்களுக்கும் பங்கு இல்லை என்றாயிற்று. இதை வேற்று நாட்டுக் கதையாக நம்மால் கேட்க முடியுமா?

தொடக்க ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் சூழ்ச்சி

குறுகிய கணக்கு தற்செயலாக ஏமாற்றும் என்றேன். வேண்டுமென்றே ஏமாற்றவும் அது பயன்படும். 1998 ஆம் ஆண்டு, எல் நினோ என்னும் பசிபிக் கடல் வெப்ப நிகழ்ச்சியால் உலகம் மிகவும் சூடாக இருந்த ஆண்டு. அதைத் தொடக்கமாக வைத்து, 1998 முதல் 2012 வரை உலகம் பெரிதாகச் சூடாகவில்லை, புவி வெப்பமடைதல் நின்றுவிட்டது என்று சிலர் பேசி வந்தார்கள். பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழு 2013 இல் அளித்த அறிக்கை இதற்கு எண்களாலேயே விடை சொல்லிற்று. 1998 இல் தொடங்கும் பதினைந்து ஆண்டுகளில் வெப்ப உயர்வு பத்தாண்டுக்கு 0.05 செல்சியஸ் பாகை. 1997 இல் தொடங்கினால் 0.07. 1996 இல் தொடங்கினால் 0.14. 1995 இல் தொடங்கினால் 0.13. தொடக்கத்தை இரண்டு ஆண்டு நகர்த்தினால் விடை ஏறத்தாழ மூன்று மடங்காக மாறும் கணக்கை எவர் நம்புவார்? 1951 முதல் 2012 வரை எடுத்தால் 0.12 என்னும் நிலையான விடை கிடைக்கிறது.

ஓர் ஆண்டைக் கொண்டு மறுபக்கமாகத் தாவுவதும் தவறே. 2024 இல் உலகச் சராசரி வெப்பம், 1850 முதல் 1900 வரையிலான அளவைவிட ஏறத்தாழ 1.55 பாகை மிகுந்திருந்தது என உலக வானிலை அமைப்பு கணித்தது. பாரிஸ் உடன்படிக்கையின 1.5 பாகை எல்லை இதனால் கடந்துபோயிற்று என்று சொல்லிவிட முடியாது. அந்த எல்லை பல ஆண்டுச் சராசரியைக் குறிப்பது. நமக்குப் பிடித்த முடிவுக்கும் பிடிக்காத முடிவுக்கும் ஒரே முழக்கோலை வைக்க வேண்டும். அறிவியல் நேர்மை என்பது அதுவே.

நீளம் மட்டும் போதுமா?

ஏடு நீண்டிருந்தால் மட்டும் போதாது. ஒரு சீராகவும் இருத்தல் வேண்டும். இங்கிலாந்தின் நடுப்பகுதிக்கு 1659 முதல் மாத வெப்பக் கணக்கு உள்ளது. கோர்டன் மேன்லி என்னும் அறிஞர் பலருடைய குறிப்பேடுகளைத் தேடி இணைத்து அதை உருவாக்கினார். உலகிலேயே கருவிகொண்டு அளந்த மிக நீண்ட வெப்பக் கணக்கு அது. ஆயினும் அதன் தொடக்க கால எண்கள் பிற்கால எண்களைப் போல நுண்ணியவை அல்ல. கருவி மாறினால், கருவியின் இடம் மாறினால், பார்க்கும் நேரம் மாறினால், சுற்றிலும் கட்டடங்கள் எழுந்தால், அளவு மாறும். வெட்டவெளியில் இருந்த வெப்பமானியை நகரம் வந்து சூழ்ந்துகொண்டால், அது காட்டும் சூட்டில் ஒரு பங்கு நகரத்தின் சூடு. எனவே, அளவை மட்டும் எழுதுவது போதாது. எங்கே, எப்போது, எதனால் அளந்தோம் என்பதையும் எழுத வேண்டும். இடையில் விட்டுப்போன நாளை விட்டுப்போனது என்றே எழுத வேண்டும். ஊகித்து நிரப்பிய எண்ணைவிட வெற்றிடம் மேலானது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். காலநிலையே மாறி வரும் இக்காலத்தில் பழைய சராசரி நாளைய நிலையை அப்படியே காட்டாது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பழைய ஏட்டை மட்டும் பார்த்துக் கட்டிய வாய்க்கால் இதற்கு எப்படி ஈடு கொடுக்கும்? ஆயின் பழைய ஏடு பயனற்றதா என்றால் இல்லை. மாற்றம் நிகழ்ந்தது என்று அறியவே பழைய ஏடு வேண்டும். முன்னைய நிலை தெரியாதவன் இன்றைய நிலையை மாற்றம் என்று எப்படிச் சொல்வான்?

அண்ணல் காட்டிய வழி

டாக்டர் அம்பேத்கரை அரசியல் சட்டத்தின் சிற்பியாகவே நம் இளைஞர்கள் பெரிதும் அறிவார்கள். 1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது நீர்ப்பாசனமும் மின்சக்தியும் அவர் பொறுப்பில் இருந்தன என்பதைப் பலர் அறியார். 1943 இல் தாமோதர் ஆறு கரையுடைத்து வங்காளத்தில் பெருஞ்சேதம் விளைவித்தது. 1945 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த மாநாட்டில் அண்ணல் தாமோதர்த் திட்டத்தை எடுத்துரைத்தார். அதே ஆண்டு நவம்பரில் கட்டாக்கில், ஒரிசா ஆறுகளைப் பற்றிப் பேசுகையில், மிகுதியாக வரும் நீரைத் தீமையாகக் கருதிக் கடலுக்கு விரட்டுவது தவறு, அதைத் தேக்கி மக்களுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடி நிறுவனமும் 1945 இல் தோன்றியதே.

தாமோதர்த் திட்டத்தை வகுக்க அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்திலிருந்து ஊர்டுவின் என்னும் பொறியாளர் அழைக்கப்பட்டார். அதுவரை கணக்கில் இருந்த பெருவெள்ளங்கள் 1913 இலும் 1935 இலும் வந்தவை. அவற்றின் உச்சம் ஏறத்தாழ ஆறரை இலட்சம் கன அடி. ஊர்டுவினோ பத்து இலட்சம் கன அடி வெள்ளத்தை எண்ணித் திட்டம் வகுத்தார். ஏட்டில் இல்லாத வெள்ளமும் ஒரு நாள் வரலாம் என்னும் முன்னறிவு அது. அவர் கருதிய எட்டு அணைகளுள் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் கட்டியவை நான்கே. அறிவு சொன்னதை முழுவதும் நிறைவேற்றாத குறை இன்றும் அப்பள்ளத்தாக்கில் உள்ளது.

நாம் செய்யத் தக்கது

இளைஞர்களே, இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு வீடு திரும்பினால் போதாது. மூன்று வேலைகளை உங்களிடம் ஒப்படைக்க விரும்புகிறேன்.

ஒன்று, நம் சங்க விடுதியின் வெட்டவெளியில் ஒரு மழைமானி வையுங்கள். மரமும் சுவரும் எவ்வளவு உயரமோ அதைப் போல் இரு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதுங்கள். வானிலைத் துறை அளப்பதும் அந்நேரத்திலேதான். மழை பெய்யாத நாளில் சுழி என்று எழுதுங்கள். ஒரு மாணவர் படிப்பு முடிந்து போகும்போது ஏட்டை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒருவர் வாழ்நாளில் முடியாத வேலை இது. சங்கம் என்பது எதற்கு? ஒருவரால் முடியாததைத் தலைமுறைகளால் முடிப்பதற்குத்தானே!

இரண்டு, ஒவ்வோர் ஊரிலும் நம் தெருவில் வெள்ளம் எந்த ஆண்டில் எதுவரை வந்தது என்று முதியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அவர்களுக்கு ஆண்டு எண் தெரியாதிருக்கலாம். என் பாட்டியைப் போல, வாழ்க்கைப்பட்ட ஆண்டு, பிள்ளை பிறந்த ஆண்டு என்று சொல்வார்கள். பிறந்த பிள்ளையின் வயதைக் கொண்டு ஆண்டை நீங்கள் கண்டுபிடியுங்கள். இருவர் மூவரைக் கேட்டு ஒப்பிடுங்கள். நினைவும் பிழைபடும், ஆகையால் ஒருவர் சொல்லை மற்றவர் சொல்லோடு உரைத்துப் பார்த்தே எழுத வேண்டும். கோவில் படியிலோ பள்ளிச் சுவரிலோ நீர் நின்ற உயரத்தைக் கோடிட்டு ஆண்டைப் பொறியுங்கள்.

மூன்று, மனையோ வீடோ பாலமோ நம் மக்களுக்காகத் திட்டமிடப்படும்போது, இந்த முடிவு எத்தனை ஆண்டுக் கணக்கைக் கொண்டு எடுக்கப்பட்டது, எந்த ஆண்டில் தொடங்குகிறது, எங்கே அளந்தது என்று கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. நான் சிறுவனாக நின்ற இடத்தில் நாளை நீங்கள் நிற்பீர்கள். என்னைப் போல வாய் மூடி நிற்க வேண்டா.

நம் முன்னோர் உழைத்த உழைப்புக்கு ஏடு இல்லை. பட்ட துன்பத்துக்கு ஏடு இல்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்டதால் அவர்கள் கண்டதும் கேட்டதும் அவர்களோடே மண்ணாயின. இன்று நம் கையில் எழுத்து இருக்கிறது. பாட்டியின் சொல்லைக் கணக்கில் எழுத முடியுமா என்று அன்று ஒருவர் கேட்டார். எழுத முடியும் என்பதே இந்த வெள்ளி விழாவில் நாம் அளிக்கும் விடையாக இருக்கட்டும். இன்று தொடங்கும் ஏட்டை, இச்சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் பேச வரும் ஒருவர் கையில் எடுத்துப் பார்ப்பாராக.

 ஜெய் பீம்.